எலும்பு முற்றுவதற்குள்

பருவ வயது நெருங்குகிறது, பிள்ளை வளரவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவதா, பொறுத்திருப்பதா?

“இப்ப ஊசி ஆரம்பிச்சா எவ்வளவு உயரம் வருவான் டாக்டர்?”

குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைத் தேடி வரும் பெற்றோர் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் உட்காருகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே விடை தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. பிள்ளை ஏன் உயரம் குறைவாக இருக்கிறது? அதன் எலும்புகள் வளர இன்னும் எவ்வளவு காலம் மிச்சம்? இந்த இரண்டும் தெரியாமல் தொடங்கும் ஊசி, குடும்பத்தின் பணத்தைக் கரைக்கும். பிள்ளையின் தொடையில் ஆயிரம் முறைக்கு மேல் குத்தும். முடிவில் அது எதைச் சாதித்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் தெரிந்த பிறகு, ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டாலோ, அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காது.

பத்து வயது வரை வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘இவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்’, ‘பாட்டி வழி’, ‘பெரியவளானா ஒரேயடியா வளர்ந்துடுவா’ என்று ஆளுக்கொரு சமாதானம் வரும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில்தான் நிலைமை மாறுகிறது. கூடப் படிப்பவர்கள் ஒரு கோடை விடுமுறை முடிந்து வரும்போது மளமளவென்று நிமிர்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளை மட்டும் காலைப் பிரார்த்தனை வரிசையில் முதல் ஆளாகவே நிற்கிறது. போன தீபாவளிக்கு எடுத்த பேன்ட், இந்தத் தீபாவளிக்கும் கணுக்கால் வரை சரியாக இருக்கிறது. துணியை வீணாக்காத பிள்ளை என்று சந்தோஷப்பட்டுக் கடந்துவிடக் கூடாத அடையாளம் இது. உயரக் குறைவைவிட, வளர்ச்சியின் வேகம் குறைவதுதான் மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கும்.

பருவம் ஒரு கெடு

எலும்பின் முனைகளில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. அதுதான் வளர்ச்சித் தட்டு. அது இளசாக இருக்கும்வரை எலும்பு நீளும். முற்றி எலும்போடு ஒட்டிவிட்டால் எந்த ஊசியாலும், எந்த மருந்தாலும் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்ட முடியாது. இந்தத் தட்டை மூடவைப்பது ஈஸ்ட்ரோஜன். பெண்ணுக்கு மட்டுமில்லை, ஆணுக்கும் அதுதான். ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி அந்த வேலையைச் செய்கிறது. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுக் குறிப்பு இதை அழுத்தமாக நிலைநாட்டியது. 28 வயது ஆண் ஒருவர். அவர் உடல் ஈஸ்ட்ரோஜனின் கட்டளையை ஏற்க முடியாதபடி மரபணுவில் மாற்றம். உயரம் 204 செ.மீ. எலும்புகளின் முதிர்ச்சியைச் சொல்லும் எலும்பு வயது 15தான். அந்த வயதிலும் வளர்ந்துகொண்டே இருந்தார்.

ஆகவே பருவம் என்பது கொடுப்பதும் எடுப்பதுமாக இருக்கிறது. நடுப் பிள்ளைப்பருவத்தில் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. என்று நிதானமாகப் போகும் வளர்ச்சி, பருவத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ., ஆண் பிள்ளைகளுக்கு 9, 10 செ.மீ. என்று பாய்கிறது. அதே ஹார்மோன்கள் அந்தப் பாய்ச்சலின் முடிவில் கதவைச் சாத்திவிடுகின்றன.

இதில் ஆண், பெண் வித்தியாசத்தை நம் வீடுகளில் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ‘வயசுக்கு வந்த பிறகுதான் வளருவா’ என்பது பெண் பிள்ளை விஷயத்தில் பெரும் பிழை. பெண்ணின் பருவம் முதல் மாதவிடாயில் தொடங்குவதில்லை. மார்பு அரும்பும்போதே, அதற்குச் சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. அவளுடைய வேகமான வளர்ச்சி அந்த இடைவெளியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மஞ்சள் நீராட்டு நடக்கும் நாளில் அவளுக்கு மிச்சமிருப்பது சராசரியாக 5 முதல் 7 செ.மீ.தான். சடங்கெல்லாம் முடியட்டும், பிறகு டாக்டரிடம் காட்டலாம் என்று வரும் தாய்க்கு மருத்துவர் சொல்லக்கூடியது அதிகம் இருக்காது. ஆணுக்குப் பாய்ச்சல் இரண்டு ஆண்டு தாமதமாக, பருவத்தின் நடுவில் வருகிறது. 13 வயதுப் பையனுக்கு இருக்கும் அவகாசம் 13 வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை.

மகளின் உயரத்தில் சந்தேகம் இருந்தால், மார்பு அரும்பும் முன்பே, எட்டு ஒன்பது வயதிலேயே காட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

மூன்று பிள்ளைகள்

புரிந்துகொள்வதற்காக மூன்று பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். முதல் இருவர் 12 வயதுப் பையன்கள். இருவருக்கும் உயரம் 129 செ.மீ. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இருவருமே அடிக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள். இருவரின் அப்பாவும் 165 செ.மீ., அம்மா 152 செ.மீ.

பெற்றோர் உயரத்தை வைத்து ஓர் எளிய கணக்கு உண்டு. இருவர் உயரத்தையும் கூட்டி, பையன் என்றால் 13ஐச் சேர்த்து, பெண் என்றால் 13ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். இந்த வீட்டுப் பையனுக்கு 165 வருகிறது; சுமார் எட்டரை செ.மீ. கூடலாம், குறையலாம். ஆறடிப் பிள்ளைக்கு ஆசைப்படும் பெற்றோரை இந்தக் கணக்கு முதலில் தரைக்குக் கொண்டுவரும்.

முதல் பையன் போன வருடம் 5 செ.மீ. வளர்ந்திருக்கிறான். இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு வயது ஒன்பதரை. அப்பாவை விசாரித்தால், பத்தாம் வகுப்பு வரை வகுப்பிலேயே சின்னவர், கல்லூரிக்குப் போன பிறகு உயர்ந்தவர் என்று தெரிகிறது. இவனுக்கு நோய் இல்லை. இவனுடைய கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. எலும்பு வயதை வைத்துப் போட்ட கணிப்பும் 165ஐ ஒட்டியே வருகிறது. பொறுத்திருப்பதுதான் இவனுக்கு வைத்தியம். 14 வயதாகியும் பருவத்தின் அறிகுறி இல்லாமல், அதனால் பையன் மனம் உடைந்து போகிறான் என்றால், குறைந்த அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மாதம் ஒன்று என்று சில மாதங்கள் கொடுத்துப் பருவத்தைத் தட்டியெழுப்புவார்கள். அதன் செலவு, வளர்ச்சி ஹார்மோன் செலவில் மிகச் சிறிய பங்கு.

இரண்டாவது பையன் போன வருடம் வளர்ந்தது 3 செ.மீ.தான். முந்தைய வருடமும் அப்படியே. எலும்பு வயது ஒன்பது. இவனுடைய வளர்ச்சிக் கோடு வரைபடத்தில் வருடா வருடம் கீழே சரிந்துகொண்டே வருகிறது. பரிசோதனைகள், தலைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் எடுத்ததில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி சரியாக உருவாகவில்லை என்று தெரிகிறது. உடலில் இல்லாத ஹார்மோனை ஊசி வழியே கொடுக்க வேண்டும். இவன் விஷயத்தில் யோசிக்க எதுவும் இல்லை. ஒரு மாதம்கூடத் தள்ளக் கூடாது.

பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் இந்த இருவருக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் இல்லை. ஒருவனுக்கு ஊசி வேண்டாம், இன்னொருவனுக்கு உடனே வேண்டும். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள்.

மூன்றாமவள் 11 வயதுப் பெண். 132 செ.மீ. மார்பு வளர்ச்சி தொடங்கிவிட்டது. எலும்பு வயது 12. அப்பா 160, அம்மா 146. எல்லாப் பரிசோதனையும் சரியாகவே வருகிறது. பெண் பிள்ளைகள் எலும்பு வயது 12இல் தங்கள் முழு உயரத்தில் சுமார் 92 சதவீதத்தை எட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கில் இவள் 143 செ.மீ. அளவில் நிற்பாள். நோய் இல்லை, ஹார்மோன் குறைவும் இல்லை. குடும்ப வாகு, கையில் குறைந்த காலம். மருத்துவரின் அறையில் மிகக் கடினமான உரையாடல் இவள் பெற்றோருடன் நடப்பதுதான்.

எலும்பு வயது பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் படத்தொகுப்பு, கிரோய்லிக்–பைல் என்ற இருவர் 1950இல் வெளியிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களை வைத்து உருவானது. நம் பிள்ளைகளுக்கு அது ஓரளவுக்கே பொருந்தும். பார்ப்பவரைப் பொறுத்தும் சில மாதம் வித்தியாசப்படும். ஆகவே ‘உங்கள் மகன் 163.4 செ.மீ. வருவான்’ என்று யாராவது புள்ளி வைத்துச் சொன்னால், அதில் சில சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போகும் என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு முன்னால்

வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் எல்லோருக்கும் வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று நினைப்பது தவறு. தைராய்டு குறைந்திருக்கலாம், அதற்கு மாத்திரை போதும். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, ஓயாத ரத்தசோகை, சரியான சாப்பாடு இல்லாமை, ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ தொடர்ந்து கொடுத்த ஸ்டீராய்டு என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்தால் வளர்ச்சி தானே திரும்பும்.

பெண் பிள்ளை காரணம் தெரியாமல் உயரம் குறைந்திருந்தால் குரோமோசோம் பரிசோதனையை விடவே கூடாது. சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு டர்னர் நோய்க்குறி இருக்கிறது. எக்ஸ் குரோமோசோம் இரண்டில் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருக்கும் நிலை. பல பெண்களுக்கு உயரக் குறைவைத் தவிர வெளியே வேறு அடையாளம் தெரிவதில்லை. இவர்கள் உடலில் வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும், ஊசியாகக் கூடுதலாகக் கொடுத்தால் பலன் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடும். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஒரு பரிசோதனையால்தான் தெரியவரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை ‘குள்ளமான பொண்ணு’ என்ற பேச்சோடு விட்டுவிடப்படும் டர்னர் பெண்களை நினைக்கும்போது கோபம் வருகிறது.

ஹார்மோன் குறைவா என்று பார்க்கும் பரிசோதனை, சர்க்கரை பார்ப்பது போல ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து முடிவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் அலை அலையாக, பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கிறது. பகலில் எடுத்த ரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லாமலே இருக்கும். அதனால் வெறும் வயிற்றில் பிள்ளையை வரவழைத்து, குளோனிடின் மாத்திரையோ குளுகாகான் ஊசியோ கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி, அரை மணிக்கொரு முறை ரத்தம் எடுக்கிறார்கள். இப்படி இரண்டு வெவ்வேறு தூண்டுதலிலும் அளவு ஏறாவிட்டால்தான் குறைவு என்று பேச்சு.

பருவத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாலின ஹார்மோன் இன்னும் சுரக்காத உடலில், தூண்டினாலும் வளர்ச்சி ஹார்மோன் மந்தமாகத்தான் ஏறும். தாமதமாக மலரும் ஆரோக்கியமான பிள்ளைகூட இந்தப் பரிசோதனையில் ‘குறைவு’ என்று வந்துவிடும். பருவம் தொடங்காத, பத்துப் பதினோரு வயது தாண்டிய பிள்ளைகளுக்குச் சில நாள் முன்பே சிறிதளவு ஈஸ்ட்ரோஜனோ டெஸ்டோஸ்டிரோனோ கொடுத்து உடலைத் தயார்படுத்தியபின் சோதிப்பது இதற்காகத்தான். அப்படிச் செய்தீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். உடல் பருமனான பிள்ளைக்கும் இந்த அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். ஒரு பரிசோதனைச் சீட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் ‘குறைவு’ என்ற சொல்லை மட்டும் நம்பி பல வருட ஊசிக்குள் இறங்கக் கூடாது.

கல்லறையிலிருந்து ஆய்வகத்துக்கு

இந்த மருந்தின் கதை தெரிந்தால்தான் இன்றைய குழப்பம் புரியும். மாட்டின் இன்சுலின் மனிதருக்கு வேலை செய்தது. மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் செய்யவில்லை. மனிதனுக்கு மனித ஹார்மோன்தான் வேண்டும். பாஸ்டன் நகரத்து மருத்துவர் மாரிஸ் ராபன், இறந்தவர்களின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, பிட்யூட்டரிக் குறைபாடுள்ள 17 வயது இளைஞன் ஒருவனுக்குக் கொடுத்து, அவன் வளர்ந்ததை 1958இல் உலகுக்குச் சொன்னார். அடுத்த கால் நூற்றாண்டு காலம் மருந்து பிணவறைகளிலிருந்துதான் வந்தது. அளவு மிகக் கொஞ்சம். ஆகவே உண்மையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கே எட்டாக்கனி.

1985இல் இடி விழுந்தது. சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் குருட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் என்ற, மூளையை அரித்துக் கொல்லும் நோயால் இறந்தார்கள். நோய்க்காரணி இறந்தவரின் சுரப்பி வழியாக வந்திருந்தது. அமெரிக்கா உடனே நிறுத்தியது. பிரான்சில் மட்டும் 100 பேருக்கு மேல், பலர் பல்லாண்டுகள் கழித்து, இதற்குப் பலியானார்கள். அதே 1985 அக்டோபரில், பாக்டீரியாவைக் கொண்டு ஆய்வகத்தில் தயாரித்த ஜெனென்டெக் நிறுவனத்தின் ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று உலகெங்கும் போடப்படுவது இந்த வகைதான். பழைய மருந்தின் அந்த ஆபத்து இதில் கிடையாது.

ஆனால் ஆய்வகம் வந்த பிறகு மருந்துக்குப் பஞ்சம் இல்லை; ஆகவே நோயாளிகள் யார் என்ற எல்லையும் விரியத் தொடங்கியது. டர்னர், சிறுநீரகச் செயலிழப்பு, எடை குறைந்து பிறந்து பின்னரும் எட்டிப்பிடிக்காத குழந்தைகள் என்று நியாயமான காரணங்கள் சேர்ந்தன. 2003இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நோயே இல்லாத, காரணம் தெரியாத உயரக் குறைவுக்கும் அனுமதி கொடுத்தது. உயர வரிசையில் கடைசி 1.2 சதவீதத்தில் நிற்கும் பிள்ளைகள் இதில் அடங்குவார்கள். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரு கடைசி 1.2 சதவீதம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதை அந்த முடிவை ஆதரித்தவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஊசி போட்டபின், இறுதி உயரத்தில் சராசரியாக 4 முதல் 6 செ.மீ. கூடுகிறது. சிலருக்கு அதிகம், சிலருக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. 2006இல் வந்த ஓர் அமெரிக்கக் கணக்கு, இப்படிக் கூடும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 52,000 டாலர் ஆவதாகச் சொன்னது. அங்குள்ள குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமே 2016இல், இத்தகைய பிள்ளைகளுக்கு வழக்கமாக ஊசி கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்த்து முடிவெடுங்கள் என்று வழிகாட்டியது.

நான் மேலே சொன்ன 11 வயதுப் பெண்ணுக்கு நான்கு ஆண்டுகூட இல்லை. இரண்டு ஆண்டு போட்டால் இரண்டு, மூன்று செ.மீ. வரலாம். அதற்குப் பிறகும் அவள் தன் அம்மாவை ஒட்டிய உயரத்தில்தான் நிற்பாள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

பருவத்தையே ஊசி போட்டு நிறுத்திவைத்து அவகாசம் வாங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முன்கூட்டியே, எட்டு வயதுக்கு முன் பருவமெய்தும் பெண் குழந்தைக்கு அந்த மருந்து சரிதான். உரிய வயதில் பருவமெய்தும் பிள்ளைக்குக் கொடுத்தால் எலும்பின் வலு குறையலாம், தோழிகளெல்லாம் வளரத் தன் உடல் மட்டும் நின்றுபோன வேதனையும் சேரும். பையன்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரைகளைத் தருவதும் உண்டு. அது இந்தக் காரணத்துக்காக அனுமதி பெற்ற மருந்து அல்ல, முதுகெலும்பு பற்றிய சந்தேகங்களும் தீரவில்லை.

‘மெஸ்ஸிக்குப் போட்டாங்களே?’

இந்தப் பேச்சு வந்தால் கட்டாயம் வரும் பெயர் லியோனல் மெஸ்ஸி. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துப் பையன். பத்துப் பதினோரு வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைவு கண்டுபிடிக்கப்பட்டது. மாதத்துக்குச் சுமார் 900 டாலர் செலவு. அப்பாவின் காப்பீடு கொஞ்ச காலத்துக்கு மேல் தாங்கவில்லை. பார்சிலோனா கிளப் ஏற்றுக்கொண்டது. 2000 டிசம்பர் 14 அன்று காகிதக் கைத்துடைப்பான் ஒன்றில் எழுதிய ஒப்பந்தம் இன்று கால்பந்து வரலாறு. தன் கால்களில் தானே ஊசி போட்டுக்கொண்ட அந்தப் பையன் இப்போது 170 செ.மீ.

மெஸ்ஸியின் கதை நமக்குச் சொல்வது மிகவும் குறிப்பானது. குறைபாடு உண்மையில் இருந்தது, உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, சிகிச்சை அவரைச் சாதாரண உயரத்துக்குக் கொண்டுவந்தது. ஆரோக்கியமான பையனை ஆறடி ஆக்கிய கதை அது இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது என்பதால் சொல்கிறேன்.

ஊசி வீட்டுக்குள் வந்தபின்

30 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் குறைபாட்டுக்கான வழக்கமான அளவு ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் முதல் ஒரு மில்லிகிராம். யூனிட் கணக்கில் இரண்டிலிருந்து மூன்று. தூங்கப் போகும் முன், பேனா போன்ற கருவியில், தொடை, வயிறு, புட்டம் என்று இடம் மாற்றி மாற்றி, தினமும் போட வேண்டும். நான்கு ஆண்டு என்றால் 1,460 ஊசிகள். அமெரிக்காவில் 2021 முதல் வாரம் ஒரு முறை போடும் வகைகளும் அனுமதி பெற்றுவருகின்றன.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் கெட்டுவிடும். மே மாத வெயிலில் பேருந்தில் எடுத்துப் போனாலும் கெட்டுவிடும். குலதெய்வக் கோவிலுக்கு மூன்று நாள் போவதாக இருந்தால் ஐஸ் பையும் கூடப் போக வேண்டும். கல்யாண வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மறைவான இடம் தேட வேண்டும். அடிக்கடி விட்டுவிட்டால் பலன் குறையும். அதனால் இந்தச் சின்னச் சின்னத் தொல்லைகள்தான் சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

செலவு எடையைப் பொறுத்தது. பிள்ளை 30 கிலோவிலிருந்து 45 கிலோவுக்குப் போகும்போது மருந்தும் ஒன்றரை மடங்காகிறது; பருவம் வந்து உடல் பூரிக்கும் வருடங்களில்தான் பணம் அதிகம் போகும். முதல் வருடத்துக்கு மட்டும் நகையை வைத்துப் பணம் புரட்டிய குடும்பங்கள் இரண்டாம் வருட நடுவில் நிறுத்திவிடுகின்றன. பாதியில் விடும் சிகிச்சை பெரும்பாலும் செய்யாத சிகிச்சைதான். ஆரம்பிக்கும் முன்பே முழுக் காலத்துக்கும் கணக்குப் போட்டுக் கேளுங்கள். இந்தியாவில் தயாராகும் மருந்துகள் விலையைக் குறைத்திருக்கின்றன. அப்படியும் வருடத்துக்கு லட்ச ரூபாயைத் தாண்டும். நிரூபிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, டர்னர், பிராடர்–வில்லி, நூனன் நோய்க்குறிகளுக்கான இந்தச் சிகிச்சையை மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தக் கொள்கையின்கீழ் உதவி கிடைக்குமா என்று அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

‘ஹார்மோன்’ என்ற சொல்லே வீட்டுப் பெரியவர்களைப் பயமுறுத்துகிறது. “பின்னாடி குழந்தை பிறக்குமாம்மா?” என்று பாட்டிகள் கேட்பார்கள். இது பாலின ஹார்மோன் இல்லை, கருத்தரிப்பைக் கெடுக்காது. கவனிக்க வேண்டியவை வேறு. விடாத தலைவலியும் வாந்தியும் வந்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளை நொண்டினாலோ, முழங்கால் வலி என்றாலோ இடுப்பு மூட்டில் எலும்பு நழுவியிருக்கலாம். வளைந்த முதுகு வேகமாக வளரும்போது மேலும் வளையலாம். சர்க்கரையையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இவை அபூர்வம்தான். நீண்ட கால ஆபத்து பற்றிப் பிரான்சில் எழுந்த ஓர் அச்சம், பின்னர் பல ஐரோப்பிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், வேறு நோய் இல்லாமல் ஹார்மோன் குறைபாடு மட்டும் உள்ளவர்கள் விஷயத்தில் உறுதிப்படவில்லை. அது நல்ல செய்தி. ஆனாலும் ஆரோக்கியமான பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது சிறிய ஆபத்தைக்கூடத் தராசில் வைத்தாக வேண்டும்.

இதற்கிடையில் பால்பொடியும், ‘உயரம் கூட்டும்’ கேப்சூலும், தொங்கும் கம்பியும் விற்றுக்கொண்டே இருக்கின்றன. சரியான சாப்பாடு, தூக்கம், விளையாட்டு அவசியம். அதற்கு மேல் எந்தப் பொடியும் யாரையும் உயர்த்தியதில்லை. உயரத்தைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்தப் பொடியை நம்பிப் போகும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் வளர்ச்சித் தட்டு முற்றிவிடுகிறது என்பதுதான் பெரிய நஷ்டம்.

பிள்ளையைக் கேட்டீர்களா?

பெற்றோரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாடு காவல் துறையின் காவலர் தேர்வில் பொதுவாக ஆணுக்கு 170 செ.மீ., பெண்ணுக்கு 159 செ.மீ. கேட்கிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கும்போது உயரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். மகனுக்குப் பெண் வீட்டார் சொல்லும் மறுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் 160 செ.மீ. வரப்போகும் பையனை ஊசி 164 ஆக்கினாலும் காவலர் வேலை அவனுக்குக் கிடைக்காது. ஊசியால் வரக்கூடிய சென்டிமீட்டர், வாழ்க்கையில் எந்தக் கதவைத் திறக்கப்போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் பகுதியில், உயரம் குறைந்த ஆரோக்கியமான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். கேலி, அடாவடிக்கு அதிகம் ஆளானதாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் தன்மதிப்பிலும் படிப்பிலும் மற்றவர்களைவிடப் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. கேலி செய்யும் வகுப்பறைக்கு மருந்து, கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் தொடையில் இல்லை. ஆசிரியரிடம் பேச வேண்டியதை மருத்துவரிடம் பேசக் கூடாது.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் உடலைப் பற்றித் தெளிவான எண்ணம் இருக்கிறது. அம்மா, அப்பா இல்லாமல் மருத்துவர் தனியாக அதனிடம் பேச வேண்டும். உனக்கு உன் உயரம் கஷ்டமா? தினமும் ஊசி என்றால் சம்மதமா? எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று தெரியுமா? ‘எனக்கு ஒண்ணும் இல்ல, அம்மாதான் அழறாங்க’ என்று சொல்லும் பையன்கள் இருக்கிறார்கள். குறைபாடு இல்லாத பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிய வேண்டும். தினமும் இரவில் ‘உன்னிடம் ஏதோ குறை’ என்று ஓர் ஊசி அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. குறைபாடுள்ள பிள்ளைக்கோ, ஊசி வேண்டாம் என்று அழுதாலும், ஏன் வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும்வரை உட்கார்ந்து விளக்க வேண்டும். கட்டிப்பிடித்துக் குத்தித் தொடங்கும் சிகிச்சை நான்கு ஆண்டு நீடிக்காது.

தொடங்குவது என்று முடிவானால், நிறுத்துவது எப்போது என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள். மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே அளவுகோலில் உயரம், ஊசியின் வேலையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை எலும்பு வயது. உண்மையான குறைபாடுள்ள பிள்ளை முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரிய வளரும். வளரவில்லை என்றால் ஊசி ஒழுங்காகப் போகிறதா, நோயறிதலே சரிதானா என்று திரும்பப் பார்க்க வேண்டும். மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. எலும்பு வயது பெண்ணுக்கு 14ஐயும் ஆணுக்கு 16ஐயும் நெருங்கி, வளர்ச்சி ஆண்டுக்கு 2 செ.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் ஊசிக்கு வேலை முடிந்தது. சில வாரம் இடைவெளி விட்டு, ஹார்மோன் பரிசோதனையை மறுபடி செய்கிறார்கள். பிட்யூட்டரி சரியாக உருவாகாத பிள்ளைகளுக்கு அப்போதும் குறைவு இருக்கும். தசைக்காகவும் எலும்புக்காகவும் குறைந்த அளவில் அவர்கள் தொடர வேண்டியிருக்கும். சிறுவயதில் ‘குறைவு’ என்று சொல்லப்பட்டு, சுரப்பியில் கோளாறு எதுவும் காணப்படாத பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு இந்த இரண்டாவது பரிசோதனை சரியாக வருகிறது.